பல்லும் ஈறும்: "சும்மா ஒரு சந்தேகம் டாக்டர்"

தர்மபுரி மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில் பல் கிளினிக் வைத்திருக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருவார்கள், மீதிப் பேர் அவர்களுக்குத் துணையாக வருவார்கள். கேள்வி கேட்பது பெரும்பாலும் துணைக்கு வந்தவர்கள்தான். வலிக்கிறவருக்குப் பேசத் தெம்பு இருக்காது. "சும்மா ஒரு சந்தேகம் டாக்டர்" என்று ஆரம்பித்து வாசல் வரை போய்த் திரும்பி வந்து கேட்பார்கள். திரும்பத் திரும்பக் காதில் விழுந்த அந்தச் சந்தேகங்களும் நான் சொல்லும் பதில்களும் இவை.

காலையில்தான் நன்றாகத் தேய்க்கிறேனே, ராத்திரி வேறு தேய்க்க வேண்டுமா?

ஒரு வேளைதான் முடியும் என்று அடம்பிடித்தால், ராத்திரி வேளையை வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

நம் வீடுகளில் பல் தேய்க்காமல் காபி கேட்டால் திட்டு விழும். ராத்திரி தேய்க்காமல் படுத்தால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. பல் தேய்ப்பதை முகம் கழுவுவதோடு சேர்ந்த காலை வேலையாகவே பழகிவிட்டோம். ஆனால் சொத்தைக்கு வசதியான நேரம் ராத்திரிதான். பகலில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கிறது. அது வாயைக் கழுவுகிறது, அமிலத்தைத் தணிக்கிறது, பல்லில் கரைந்துபோன சுண்ணாம்புச் சத்தை ஓரளவு திருப்பியும் கொடுக்கிறது. தூங்கும்போது எச்சில் சுரப்பது ஏறக்குறைய நின்றுவிடும். அந்த நேரத்தில் பல்லிடுக்கில் சோறும் பால் சர்க்கரையும் இருந்தால், கிருமிகளுக்கு ஆறேழு மணி நேரம் காவலில்லாத பந்தி.

படுக்கப் போகும்போது தேய்க்கலாம் என்று வைத்தால் தூக்கம் கண்ணைச் சுழற்றும், நாளைக்குப் பார்க்கலாம் என்று தோன்றும். ராத்திரிச் சாப்பாடு முடிந்து அரை மணி நேரத்தில் தேய்த்துவிடுங்கள். அப்புறம் தண்ணீர் மட்டும். பால் குடித்தே ஆக வேண்டும் என்றால் தேய்ப்பதற்கு முன்னால் குடித்துவிடுங்கள்.

எப்படித் தேய்ப்பது? இதையெல்லாமா கேட்பார்கள்?

கேட்பதில்லை, அதுதான் சங்கடம். நாற்பது வருடமாகத் தினமும் செய்கிற வேலையை இன்னொருவர் வந்து சொல்லித் தருவதா என்று நினைப்பார்கள். போன வருடம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். பல்லெல்லாம் பளிச்சென்று இருந்தது. ஆனால் கோரைப் பல்லிலும் அதற்கடுத்த பற்களிலும் ஈறோரமாக, மரத்தில் கோடரி பட்ட மாதிரி ஆப்பு வடிவப் பள்ளம். குளிர்ந்த தண்ணீர் குடித்தால் உயிர் போகிறது என்றார். எந்த பிரஷ் என்று கேட்டேன். "நல்ல ஹார்டு பிரஷ் டாக்டர், அதில்தான் அழுக்கு போகும்" என்றார். பாத்திரம் விளக்குகிற மாதிரி இடம் வலமாக இழுத்து இழுத்து இருபது வருடத்தில் பல்லையே அறுத்திருந்தார்.

பல்லின் மேல் படியும் அழுக்கு மெத்தென்ற பசை. நாக்கை வைத்துத் தடவினால் வழவழவென்று இருக்குமே, அது. அதை எடுக்க பலம் வேண்டாம், இடம் தெரிந்தால் போதும். அந்த இடம் பல்லும் ஈறும் சேரும் ஓரம். சென்ற நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் சார்லஸ் பாஸ் என்றொரு மருத்துவர் இருந்தார். பல் மருத்துவர்கூட இல்லை, பொது மருத்துவம் படித்தவர். அவர் சொல்லிக் கொடுத்த முறையைத்தான் இன்றும் சொல்லித் தருகிறோம். பிரஷின் நார்கள் பாதி பல்லிலும் பாதி ஈறிலும் படும்படி சாய்த்து வைக்க வேண்டும், ஏறத்தாழ 45 டிகிரி. அங்கேயே வைத்து நடுங்குகிற மாதிரிச் சின்னச் சின்ன அசைவு, பத்துப் பதினைந்து தடவை. பிறகு பல்லின் முனையை நோக்கி ஒரு இழுப்பு. மேல் பல்லுக்குக் கீழ்நோக்கி, கீழ்ப் பல்லுக்கு மேல்நோக்கி. அப்புறம் அடுத்த இரண்டு பல்லுக்கு நகர வேண்டும்.

வெளிப்பக்கம் முடிந்தால் உள்பக்கம். கீழ் முன்பற்களின் உள்பக்கத்துக்கு பிரஷை நிமிர்த்திப் பிடித்து நுனியால் தேய்க்க வேண்டும். நாக்குக்கு அடியில் எச்சில் சுரக்கும் வாய்கள் அங்கேதான் இருக்கின்றன, அதனால் காரை, அதாவது அந்தப் பசை கல்லாக இறுகியது, முதலில் கட்டுவதும் அங்கேதான். கடைசியாகக் கடைவாய்ப் பற்களின் மேல்பரப்பு. மொத்தம் இரண்டு நிமிடம். இரண்டு நிமிடம் எவ்வளவு நீளம் என்று தெரிய ஒரே ஒரு நாள் கடிகாரத்தைப் பார்த்துத் தேய்த்துப் பாருங்கள். முக்கால் நிமிடத்தில் கை நிற்கும்.

பிரஷைக் கை முழுக்கப் பிடிக்காமல் பேனா பிடிப்பதுபோல் பிடித்தால் அழுத்தம் தானாகக் குறையும். அந்த ஆசிரியருக்கு நான் சொன்னது இவ்வளவுதான். பேனா என்றதும் அவருக்கு உடனே பிடிபட்டது.

எந்த பிரஷ் வாங்கலாம்?

சாஃப்ட் என்று போட்டிருப்பது, தலை சின்னதாக இருப்பது. விலையைப் பார்க்க வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள், நார் விரிந்துவிட்டால் அதற்கு முன்பே மாற்றுங்கள். ஒரு மாதத்திலேயே விரிந்தால் குறை பிரஷில் இல்லை, கையில் இருக்கிறது. வீட்டில் இரண்டு பேர் ஒரே பிரஷைப் பயன்படுத்துவதை இன்னும் பார்க்கிறேன், வேண்டாம். மின்சார பிரஷ் நல்லதுதான், முக்கியமாகக் கை நடுங்கும் பெரியவர்களுக்கு. ஆனால் அது இல்லாமல் முடியாது என்பதில்லை.

பேஸ்ட்டில் எது நல்லது?

விளம்பரத்தில் பேசுவது உப்பு, கிராம்பு, கரி. நீங்கள் டியூபைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். ஃப்ளோரைடு இருக்கிறதா, எத்தனை பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்று பொடி எழுத்தில் இருக்கும். 1000 பிபிஎம் என்று இருந்தால் சரி, நம் நாட்டில் அனுமதித்திருக்கும் உச்ச அளவும் அதுதான். ஃப்ளோரைடு எனாமலோடு, அதாவது பல்லின் கெட்டியான வெளி ஓட்டோடு சேர்ந்து, அமிலத்துக்குச் சட்டென்று கரையாத பொருளாக அதை மாற்றுகிறது. ஆரம்ப நிலைச் சொத்தை, அதாவது இன்னும் குழி விழாத வெள்ளைத் திட்டு, சரியாகத் தேய்த்தால் அப்படியே நின்றுவிடவும் வாய்ப்பு உண்டு.

பெரியவர்களுக்குப் பட்டாணி அளவு போதும். பிரஷ் நீளத்துக்கு அலை அலையாகப் பேஸ்ட் வைப்பது விளம்பரக்காரர்களின் வேலை. இன்னொன்று, தேய்த்து முடித்ததும் நுரையைத் துப்பிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். மூன்று சொம்புத் தண்ணீரில் கொப்பளித்தால் ஃப்ளோரைடும் வாஷ்பேசினில் போய்விடும். கேட்கிறவர்கள் முகம் சுளிக்கிற ஒரே அறிவுரை இதுதான். "வாய் பிசுபிசுவென்று இருக்காதா?" இருக்கும், ஒரு வாரத்தில் பழகிவிடும். முடியவே முடியாது என்றால் ஒரு வாய் தண்ணீர், ஒரே ஒரு வாய்.

எங்கள் ஊர்த் தண்ணீரிலேயே ஃப்ளோரைடு அதிகம் என்கிறார்கள். பேஸ்ட்டிலும் எதற்கு?

எங்கள் பக்கத்துக்கே உரிய கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியில் பாறைக்குள்ளேயே ஃப்ளோரைடு இருக்கிறது. ஆழ்துளைக் கிணறு ஆழமாகப் போகப் போக அது தண்ணீரில் கரைந்து வருகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இங்கே பல கிணறுகளில் அதைத் தாண்டும். இந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களின் பல்லில் மஞ்சளும் பழுப்பும் கோடு கோடாக, திட்டுத் திட்டாக இருக்கும். கல்யாணப் பேச்சு எடுக்கும்போது பெண்களைக் கிளினிக்குக்குக் கூட்டிவருவார்கள். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற ஒரு தலைமுறையையே இந்தத் தண்ணீர் வளர்த்திருக்கிறது.

இந்தக் கறை பல் தேய்க்காததால் வந்ததல்ல. பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் காலத்தில், அதாவது பிறந்ததிலிருந்து சுமார் எட்டு வயது வரை, அளவுக்கு மீறி ஃப்ளோரைடு வயிற்றுக்குள் போனால் எனாமல் சரியாக முற்றுவதில்லை. முளைத்து முடிந்த பல்லில் அது புதிதாக வராது. அமெரிக்காவின் கொலராடோவில் ஃபிரெடரிக் மெக்கே என்ற பல் மருத்துவர் 1901-இல் இதே மாதிரிப் பழுப்புப் பற்களைப் பார்த்து ஆராயத் தொடங்கினார். காரணம் தண்ணீரிலிருக்கும் ஃப்ளோரைடு என்று 1931-இல்தான் தெரிந்தது. கறை படிந்த அந்தப் பற்களில் சொத்தை குறைவு என்பதையும் அவர் கவனித்திருந்தார். அங்கேயிருந்துதான் ஃப்ளோரைடு பேஸ்ட்டுக்கு வழி பிறந்தது.

ஆகவே பெரியவர்கள் தயங்காமல் ஃப்ளோரைடு பேஸ்ட் பயன்படுத்தலாம், துப்பிவிடத்தானே போகிறீர்கள். சின்னப் பிள்ளைகள் விஷயத்தில்தான் கவனம் வேண்டும், அவர்கள் விழுங்குவார்கள். இந்தப் பக்கத்தில் குழந்தை வளர்கிற வீடென்றால் முதலில் குடிக்கும் தண்ணீரை மாற்றுங்கள். ஜப்பான் கடனுதவியோடு கட்டிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் செயல்பாட்டுக்கு வந்தது இதற்காகத்தான். அந்தக் குழாய்த் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொள்ளுங்கள், போர் தண்ணீரைத் துவைக்கவும் குளிக்கவும் வைத்துக்கொள்ளுங்கள். கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்திதான் கூடும்.

ஏற்கெனவே கறை இருந்தால்? எலுமிச்சையும் சமையல் சோடாவும் வைத்துத் தேய்க்காதீர்கள். கறை உள்ளே இருக்கிறது, மேலே இருக்கும் எனாமல்தான் தேயும். லேசான கறையைச் சரிசெய்யச் சிகிச்சை இருக்கிறது, நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று சொல்லியிருக்கிறார்களே? வேப்பங்குச்சி போதாதா?

பழமொழி பொய்யில்லை. ஆல், கருவேல், வேம்பு எல்லாவற்றிலும் துவர்ப்போ கசப்போ இருக்கிறது, கிருமியைக் கொஞ்சம் அடக்கும். குச்சியை நுனியில் மென்று தூரிகை மாதிரி ஆக்கிப் பொறுமையாகத் தேய்த்தவர்கள் நம் தாத்தாக்கள். வயல் வரப்பில் நடந்துகொண்டே கால் மணி நேரம் தேய்ப்பார்கள். நம்மிடம் அந்தக் கால் மணி நேரமும் இல்லை, அவர்கள் சாப்பாட்டில் இல்லாத பிஸ்கட்டும் பன்னும் சேர்ந்துவிட்டன. குச்சி கடைவாய்ப் பல்லின் உள்பக்கத்தை எட்டாது, ஃப்ளோரைடும் கிடையாது. ஆசைப்பட்டால் காலையில் குச்சி, ராத்திரி பிரஷ்.

உமிக்கரி, சாம்பல், செங்கல்தூள், உப்புத்தூள் வேண்டவே வேண்டாம். இவை பல்லை வெளுக்க வைப்பதுபோல் தெரிவது, எனாமலை அரைத்து எடுப்பதால்தான். எனாமல் திரும்ப வளராது. கறுப்பாக அழகான டியூபில் வரும் கரிப் பேஸ்ட்டும் உமிக்கரிக்குச் சட்டை போட்டதுதான். விரலால் பல்பொடி தேய்க்கிறவர்கள் பொடியை மாற்றுகிறார்களோ இல்லையோ, விரலை பிரஷாக மாற்றினாலே பாதி வேலை முடியும்.

வயதான அம்மாக்கள் சிலர் மூக்குப்பொடியை ஈறில் வைத்துத் தேய்ப்பார்கள். அது புகையிலை. பல்பொடியிலும் பேஸ்ட்டிலும் புகையிலை சேர்ப்பதற்கு இந்தியாவில் 1992-லேயே தடை வந்துவிட்டது. வீட்டில் தானே தேய்த்துக்கொள்வதை எந்தச் சட்டமும் பார்ப்பதில்லை, பேரன் பேத்திகள்தான் பார்க்க வேண்டும்.

தேய்த்தால் ஈறில் ரத்தம் வருகிறது. ரெண்டு நாள் தேய்க்காமல் விட்டால் ஆறிவிடுமா?

ஆறாது. தேய்க்காமல் விட்டதால் வந்த ரத்தம் அது. ஈறோரத்தில் பசை தங்கினால் ஈறு சிவந்து வீங்கும், லேசாகத் தொட்டாலே கசியும். பயந்துபோய் அந்த இடத்தை ஒதுக்கித் தேய்ப்பார்கள், பசை இன்னும் சேரும், ரத்தம் இன்னும் வரும். ரத்தம் வரும் இடத்தைத்தான் மென்மையான பிரஷால், மேலே சொன்ன முறையில், கூடுதல் கவனத்தோடு தேய்க்க வேண்டும். ஒன்றிரண்டு வாரத்தில் குறைய வேண்டும். குறையாவிட்டால் உள்ளே காரை இருக்கிறது, அது பிரஷுக்கு மசியாது, வந்துவிடுங்கள்.

ஈறு நோயில் மோசமான விஷயம், அது வலிக்காது. சொத்தையாவது ஒரு நாள் ராத்திரி எழுப்பி உட்கார வைக்கும். ஈறு சத்தமில்லாமல் இறங்கும், உள்ளேயிருக்கும் எலும்பு கரையும், ஒரு நாள் முறுக்கைக் கடிக்கும்போது பல் ஆடுவது தெரியும். கரைந்த எலும்பு தானாகத் திரும்பி வராது. நாற்பது, நாற்பத்தைந்து வயதில் பல் ஆடுகிறது என்று வந்து நிற்கிறவர்களுக்கு முப்பது வயதிலிருந்தே ரத்தம் வந்திருக்கும். கேட்டால், "அது வரும் டாக்டர், எப்பவும் வரும்" என்பார்கள்.

ரத்த அழுத்தத்துக்கு ஆம்லோடிபின், வலிப்புக்கு ஃபெனிடோயின் சாப்பிடுகிற சிலருக்கு ஈறு தடித்து வளரும். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள். மறுபடியும் பசைதான் அதைக் கூட்டுகிறது.

கிளீனிங் செய்தால் பல் ஆட ஆரம்பிக்கும், இடைவெளி விழும் என்கிறார்களே?

இந்த ஒரு பயத்தால் எத்தனை பல் போயிருக்கிறது என்று கணக்கெடுத்தால் தனிப் புத்தகம் போடலாம்.

நடப்பது இதுதான். பல்லிடுக்கில் வருடக்கணக்காகக் கட்டிய காரை, சுவரில் விரிசலைச் சிமென்ட் அடைத்த மாதிரி, ஈறு இறங்கின இடத்தை நிரப்பி வைத்திருக்கும். ஆடுகிற பற்களை ஒன்றோடொன்று ஒட்டியும் வைத்திருக்கும். அதை எடுத்தால் அடியிலிருந்த இடைவெளி தெரியும், ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பல் ஆடுவதும் தெரியும். பழி கிளீனிங் மேல் விழும். சில நாள் கூச்சம் இருக்கும், அது உண்மை. வேரை மூடியிருந்த காரை போய்விட்டதால் வருவது, தானாக அடங்கும். காரையை எடுத்த கையோடு அதன் துண்டு ஒன்றைக் கண்ணாடித் தட்டில் போட்டுக் காட்டுவேன். பழுப்பாக, சுண்ணாம்புக்கல் மாதிரி இருக்கும். "இதுவா என் வாயில் இருந்தது?" என்று கேட்காதவர் இதுவரை இல்லை.

பல்லில் பூச்சி இருக்கிறது, எடுத்துவிடுங்கள்.

பூச்சி கிடையாது. சந்தையில் குழல் வைத்து ஊதி, பஞ்சில் வெள்ளைப் புழுவைக் காட்டிக் காசு வாங்குகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் புழு உங்கள் வாய்க்குள் வரும்முன் அவர் கைக்குள் இருந்தது. கண்டங்கத்தரி விதைப் புகை பிடித்தால் விழுகிறது என்பதும் பூச்சியில்லை. பல்லுக்குள் புழு என்ற நம்பிக்கை நம்முடையது மட்டுமல்ல, பல நாடுகளில் இருந்தது. பிரான்சில் பியேர் ஃபோஷார் என்ற பல் மருத்துவர் 1728-இலேயே அதை மறுத்து எழுதிவிட்டார்.

நடப்பது வேதியியல். கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலம் விடுகின்றன, அமிலம் எனாமலைக் கரைக்கிறது. அமிலத்தை அளக்கும் எண் பிஎச், அது குறையக் குறைய அமிலம் அதிகம்; வாயின் பிஎச் 5.5-க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும். குழி விழுந்தபின் புகையோ கிராம்புத் தைலமோ வலியைத் தணிக்குமே தவிரக் குழியை மூடாது. கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் தொட்டுக் குழியில் வைத்துக்கொண்டு அன்றைய ராத்திரியைத் தள்ளலாம், மறுநாள் வர வேண்டும். ஆஸ்பிரின் மாத்திரையைப் பல்லோரத்தில் அடக்கிக்கொள்ள மட்டும் வேண்டாம், ஈறு வெந்துபோகும்.

இனிப்பே சாப்பிடுவதில்லை. ஆனாலும் சொத்தை வருகிறதே?

டீ எத்தனை வேளை?

எப்போதும் இப்படித்தான் திருப்பிக் கேட்பேன். ஐந்து, ஆறு என்பார்கள், எல்லாம் சர்க்கரை போட்டது. கூடவே பொறை, பிஸ்கட். எவ்வளவு சர்க்கரை என்பதைவிட எத்தனை தடவை என்பதைத்தான் பல் கணக்கு வைக்கிறது. ஒவ்வொரு தடவையும் அமிலம் ஏறி இறங்க அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும். கடையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர் ஒரு கிளாஸ் டீயை முக்கால் மணி நேரம் உறிஞ்சினால் அவர் பல் முக்கால் மணி நேரமும் அமிலத்தில் ஊறுகிறது. கல்யாண வீட்டில் சாப்பாட்டோடு சாப்பிட்ட இரண்டு ஜாங்கிரி அவ்வளவு கெடுதல் செய்யாது.

கடலை மிட்டாய், பொரி உருண்டை, பேரீச்சை எல்லாம் சத்தானவைதான், ஆனால் ஒட்டும். கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் கிருமிக்கு ஒன்றுதான், அது பார்த்துத் தின்பதில்லை. சாப்பாட்டோடு சாப்பிட்டுவிட்டு வாயைக் கொப்பளியுங்கள். எலுமிச்சைச் சாறு, கோலா குடித்ததும் அல்லது வாந்தி எடுத்ததும் உடனே பிரஷ் எடுக்காதீர்கள். எனாமல் இளகியிருக்கும். தண்ணீரில் கொப்பளித்துவிட்டு அரை மணி கழித்துத் தேயுங்கள்.

பல்லிடுக்கில் மாட்டினால் எதை வைத்து எடுப்பது?

குண்டூசி, ஊக்கு, துடைப்பக்குச்சி, பஸ் டிக்கெட்டின் மூலை: இவை எதுவும் இல்லை. மாம்பழ சீசனில் எங்கள் பக்கம் ஈறு வீங்கி வருகிறவர்கள் கூடிவிடுவார்கள். நார் மாட்டியிருக்கும், அதை எடுக்க ஊக்கைப் போட்டு ஈறைக் குத்திக்கொண்டிருப்பார்கள். பற்கள் நெருக்கமாக இருந்தால் ஃப்ளாஸ் நூல், இடைவெளி இருந்தால் அதற்கென்றே இருக்கும் குட்டி பிரஷ். பிரஷ் எட்டாத பக்கம் பல்லும் பல்லும் உரசும் பக்கம்தான், சொத்தையும் ஈறு நோயும் ஒளிந்திருப்பது பெரும்பாலும் அங்கேதான். தினமும் ஒரு தடவை, ராத்திரி பிரஷுக்கு முன்னால்.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மாட்டினால் அங்கே சொத்தையோ, சரியில்லாத அடைப்போ இருக்கிறது என்று அர்த்தம்.

எனக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. பல்லைப் பிடுங்கலாமா என்பதைத் தவிர வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா?

ஈறைக் கவனிக்க வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு நோய் வேகமாகப் போகும். ஈறில் சீழ் இருந்தால் சர்க்கரையும் அடங்காது. இரண்டும் ஒன்றையொன்று தூக்கிவிடும். ஈறைச் சரிசெய்தபின் மூன்று மாதச் சராசரி சர்க்கரை கொஞ்சம் இறங்குவதுண்டு. கண்ணுக்கும் காலுக்கும் வருடாந்திரப் பரிசோதனை எழுதுகிற மருத்துவர்கள் பல்லையும் அந்தப் பட்டியலில் சேர்த்தால் நன்றாக இருக்கும் என்பது என் நெடுநாள் ஆதங்கம். வாய் வறட்சி இருந்தால் அடிக்கடி தண்ணீர் குடியுங்கள், மிட்டாயைச் சப்பாதீர்கள்.

மாசமாக இருக்கும்போது பல் வைத்தியம் பார்க்கலாமா?

பார்க்கலாம். நான்கிலிருந்து ஆறு மாதம் வரை வசதியான காலம், அவசரமென்றால் எந்த மாதத்திலும். குழந்தை தாயின் பல்லிலிருந்து சுண்ணாம்பை உறிஞ்சுகிறது என்பது கதை. ஹார்மோன் மாற்றத்தால் ஈறு கொஞ்சம் பசை இருந்தாலே வீங்கும், ரத்தம் வரும். மசக்கையில் பேஸ்ட் வாசனையே குமட்டினால் அந்த வேளைக்கு வெறும் பிரஷால் தேய்த்தாலும் போதும்.

குழந்தைக்கு எப்போது தேய்க்க ஆரம்பிப்பது? பால்பல் விழத்தானே போகிறது?

முதல் பல் எட்டிப்பார்த்த அன்றைக்கே. பெரும்பாலும் ஆறாவது மாதத்தையொட்டி. மூன்று வயது வரை அரிசி அளவு பேஸ்ட், அதற்குப் பிறகு பட்டாணி அளவு. ஏழெட்டு வயது வரை பெற்றவர்கள்தான் தேய்த்துவிட வேண்டும். தன் சட்டைப் பொத்தானைத் தானே சரியாகப் போடத் தெரியாத கைக்குக் கடைவாய்ப் பல் எட்டாது.

பால் புட்டியை வாயில் வைத்தபடி தூங்க வைக்காதீர்கள். மேல் முன்பற்கள் நான்கும் கறுத்து மொட்டையாகிப்போன மூன்று வயதுக் குழந்தையை வாரத்துக்கு ஒன்றாவது பார்க்கிறேன். அம்மா அழுவார், பாட்டி "விழுந்து முளைக்கிற பல்தானே" என்பார். அடுத்த பல் வரும் வரை இடத்தைப் பிடித்து வைப்பது பால்பல்தான். சீக்கிரம் போனால் பின்னால் வருவது கோணலாக வரும். சில கடைவாய்ப் பால்பற்கள் பத்துப் பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியவை.

இன்னொரு ஏமாற்றம், ஆறு வயதுப் பல். எல்லாப் பால்பற்களுக்கும் பின்னால், எந்தப் பல்லும் விழாமல், ஈறைக் கிழித்துக்கொண்டு ஒரு பெரிய கடைவாய்ப் பல் வரும். வந்ததே வீட்டில் தெரியாது. பால்பல் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். அது ஆயுளுக்கும் இருக்க வேண்டிய பல். ஆறாவது பிறந்தநாள் தாண்டினதும் டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

வெற்றிலை பாக்கு போட்டால் பல் கெட்டியாகும் என்பார்களே?

வெற்றிலையோடு எனக்குச் சண்டையில்லை. பாக்கோடு இருக்கிறது. கொட்டைப்பாக்கே, புகையிலை சேராவிட்டாலும், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-இல் வெளியிட்ட மதிப்பீட்டில் சொல்லிவிட்டது. விசேஷத்துக்கு ஒரு தடவை தாம்பூலம் போட்டவரைப் பற்றிப் பேசவில்லை. காலை, மதியம், ராத்திரி என்று கன்னத்தில் அடக்கி வைத்திருக்கிறவர்களையும், பாக்குப் பொட்டலத்தைக் கிழித்து வாயில் கொட்டிக்கொள்ளும் லாரி டிரைவர் தம்பிகளையும்தான் சொல்கிறேன். கன்னத்தின் உள்பக்கம் வெளுத்து, நார் கட்டி, வாய் திறப்பது குறைந்துகொண்டே வரும்.

வீட்டிலேயே பார்க்கலாம். உங்கள் ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூன்றையும் சேர்த்துச் செங்குத்தாக முன்பற்களுக்கு நடுவில் வையுங்கள். மூன்றும் நுழையாவிட்டால், காரம் பட்டாலே வாய் எரிந்தால், இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ வெள்ளை, சிவப்புத் திட்டோ இருந்தால் உடனே காட்டுங்கள். வலிக்கவில்லையே என்று இருக்காதீர்கள்.

ஆயில் புல்லிங்? மவுத்வாஷ்?

நல்லெண்ணெய் கொப்பளிப்பதில் கெடுதல் இல்லை, பிரஷுக்குப் பதில் ஆகாது. எண்ணெயை விழுங்காதீர்கள், வாஷ்பேசினிலும் துப்பாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும். மவுத்வாஷ் மருத்துவர் சொன்னால், சொன்ன நாள் வரைக்கும். ஈறு புண்ணுக்கு ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை ஸ்பூன் உப்பு போதும். வாய் நாற்றம் என்றால் நாக்கை வழியுங்கள், மெதுவாக.

மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகும் என்பது உண்மையா?

இல்லை. பல்லுக்குப் போகும் நரம்பும் பார்வை நரம்பும் வேறு வேறு. அறுபது வயதில் பல்லும் போகிறது, கண்ணில் புரையும் விழுகிறது, இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். சீழ் வைத்த மேல் பல்லை அப்படியே விட்டு வைப்பதுதான் ஆபத்து, வீக்கம் கண் வரை ஏறும்.

அப்பா பல்செட் போட்டிருக்கிறார். அதற்கும் தேய்க்க வேண்டுமா?

ராத்திரி கழற்றிவிட வேண்டும். ஈறு மூச்சு விடட்டும். கையோ பாத்திரமோ கழுவும் திரவ சோப்பையும் தனியாக ஒரு பிரஷையும் வைத்துத் தேய்த்துக் கழுவி, தண்ணீர் ஊற்றின டப்பாவில் போட்டு வையுங்கள். பேஸ்ட் அதைக் கீறும், வெந்நீர் வளைத்துவிடும். அடியில் ஒரு துண்டு விரித்துக் கழுவுங்கள், கைதவறி விழுந்து உடைந்து ஒட்டக் கொண்டு வரும் செட்டுகள் மாதத்துக்கு இரண்டாவது வரும்.

எத்தனை மாதத்துக்கு ஒரு தடவை காட்ட வேண்டும்?

ஆறு மாதம் என்பது வாய்ப்பாடு. ஒன்றும் தொந்தரவில்லாத வாய்க்கு வருடத்துக்கு ஒரு தடவை போதும். சர்க்கரை, ஈறு நோய், புகை, பாக்கு இருந்தால் மூன்று நான்கு மாதம். கையில் காசில்லை என்று தள்ளிப்போட வேண்டாம், அரசு மருத்துவமனைகளிலும் பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பல் பிரிவு இருக்கிறது. பல் மருத்துவக் கல்லூரிகளில் மாணவர்கள் பார்ப்பார்கள், பின்னால் பேராசிரியர் நின்றுகொண்டிருப்பார். நேரம் ஆகும், வேலை நன்றாக இருக்கும்.

பையன் விளையாடும்போது விழுந்து முன்பல் முழுசாகக் கழன்று வந்துவிட்டது. என்ன செய்வது?

பல்லைத் தேடி எடுங்கள். வேரைத் தொடாமல் வெள்ளைப் பகுதியைப் பிடியுங்கள். மண் ஒட்டியிருந்தால் ஓடும் தண்ணீரிலோ பாலிலோ ஒரு அலசு, தேய்க்கக் கூடாது. முடிந்தால் அதே குழியில் திரும்பச் செருகி, மடித்த கைக்குட்டையைக் கடிக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் காய்ச்சாத பச்சைப் பாலோ பாக்கெட் பாலோ ஒரு டம்ளரில் ஊற்றி அதில் போட்டுக்கொண்டு ஓடி வாருங்கள். காகிதத்தில் சுற்றினால் வேரின் மேல் இருக்கும் செல்கள் காய்ந்து செத்துவிடும். அரை மணிக்குள் வந்தால் பல் பிழைக்க நல்ல வாய்ப்பு, ஒரு மணியைத் தாண்டத் தாண்டக் குறைந்துகொண்டே போகும். விழுந்தது பால்பல் என்றால் திரும்பச் செருக வேண்டாம், அடியில் இருக்கும் நிரந்தரப் பல்லின் மொட்டில் இடித்துவிடும். ஆனாலும் பையனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.